வற்றத்தில் வெளியேறும் ஊதா

தஞ்சோங் டாவாயில் மதியம் கடல் வற்றும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். மெர்போக் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம் அது. இந்தக் கரையில் தஞ்சோங் டாவாய், படகு கடக்கும் தூரத்தில் எதிர்க்கரையில் பந்தாய் மெர்டேக்கா, முதுகுக்குப் பின்னால் குனோங் ஜெராய். கடாரத்துக்கு வந்த கப்பல்காரர்கள் நடுக்கடலிலேயே அடையாளம் பிடித்த மலை. சாலையோரம் நெத்திலி காய்கிறது. தண்ணீர் இறங்க இறங்கச் சாம்பல் நிறச் சேறு வெளியே வருகிறது. பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களின் வேர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. குனிந்து பார்த்தால், தண்ணீர் ஏறி இறங்கும் உயரத்துக்குப் பட்டை கட்டியதுபோல் அந்த வேர்களில் கருஞ்சிவப்பாகப் பாசி படிந்திருக்கும்.

ஒரு கொத்தைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தேன். ஈர முடிக்கற்றை மாதிரி இருந்தது. நுனிகள் வெயிலில் சுருண்டு முறுகியிருந்தன. அடிப்பகுதி இன்னும் வழவழப்பு. விரலால் தேய்த்தால் சேறும் கொஞ்சம் பசையும் ஒட்டியது. பொஸ்ட்ரிக்கியா, கலோகுளோசா, கேட்டனெல்லா என்று தாவரவியலார் பெயர் வைத்திருக்கும் சிவப்புப் பாசிகளின் கூட்டம் இது. வெப்பநாட்டுக் கரைகளில் அலையாத்தி வேர் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கூட்டமும் இருக்கும்.

நாளுக்கு இரண்டு முறை மூழ்கி, இரண்டு முறை காயும் பிழைப்பு. அப்படிக் காய்கிற நேரத்தில் ஒரு பாசி என்ன செய்கிறது? இந்த அத்தியாயத்துக்கு என்னை இழுத்துவந்த கேள்வி அதுதான். விடையின் ஒரு முக்கியமான பகுதி அயோடின். பாசிகள் அதைக் கடலிலிருந்து எடுக்கின்றன, நெருக்கடி வந்தால் வெளியே விடுகின்றன. விட்டதில் ஒரு சிறு பங்கு காற்றேறி, மழையில் இறங்கி, பீடோங், கூலிம், பாலிங் என்று உள்நாட்டுத் தோட்டங்கள் வரை போகிறது. கடலை வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த தோட்டத்துப் பிள்ளை நான். கடலும் எங்கள் லயமும் இப்படி ஒரு நூலில் கோத்திருப்பதை அறிந்தபோது ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விலக்கிவிடுகிறேன். கடற்கரை வாசத்தை ‘அயோடின் வாசம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வாசம் பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களுடையது; டைமெத்தில் சல்ஃபைடு என்பது அதில் தலையானது. அயோடின் கடற்காற்றில் இருக்கிறது என்பது உண்மை. மூக்குக்குத் தெரியும் அளவில் இல்லை.

கடல்நீரிலேயே அது மிகவும் குறைவு. ஒரு லிட்டரில் 35 கிராம் அளவுக்கு உப்புகள் கரைந்திருக்கின்றன. அயோடினோ ஏறத்தாழ 60 மைக்ரோகிராம்தான். ஒரே ஒரு கிராம் அயோடின் வேண்டுமென்றால் 17,000 லிட்டர் கடல்நீரைக் கடைசிச் சொட்டுவரை சலிக்க வேண்டும். பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்யும் உயிர் ஒன்று குளிர்ந்த கடல்களில் இருக்கிறது. லாமினேரியா டிஜிட்டேட்டா என்ற பழுப்புப் பாசி. தோல்வார்போல் நீண்ட, ஆளுயரத்துக்கும் வளரும் பாசி. இது கடல்நீரில் உள்ளதைப்போல் 30,000 மடங்கு வரை அயோடினைத் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. உலர்ந்த எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அயோடினாகவே இருக்கும். இவ்வளவு சேர்க்கும் வேறு உயிர் எதுவும் அறியப்படவில்லை.

அயோடின் என்ற தனிமத்தையே மனிதன் கண்டது இந்தப் பாசிகளின் சாம்பலில்தான். 1811. நெப்போலியனின் போர்களுக்கு வெடிமருந்து வேண்டியிருந்தது. வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டியிருந்தது. பாரிஸில் வெடியுப்பு காய்ச்சிய பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலைக் கரைத்து உப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தின் அடியில் தங்கிய கசடைக் கழுவக் கந்தக அமிலம் ஊற்றியவர், கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டார். ஊதா நிற ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. குளிர்ந்த பரப்பில் பட்டதும் அது திரவமாகாமல் நேரே கரும் படிகங்களாக ஒட்டிக்கொண்டது. கிரேக்க மொழியின் ஊதாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து அயோடின் என்ற பெயர் வந்தது. கூர்த்துவா அதிலிருந்து பெரிய லாபம் எதுவும் பார்க்காமல் வறுமையில் இறந்துபோனார்.

பாசியில் அயோடின் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எதற்காக இருக்கிறது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் பதில் இல்லை. 2008 இல் ஃபிரித்யோஃப் குப்பரும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் லாமினேரியாவின் உயிருள்ள திசுவை எக்ஸ் கதிரால் துருவிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது அயோடைடு, அதாவது ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வைத்திருக்கும் அயோடின். அதைச் செல்லுக்குள் ஆழமாகப் பதுக்கி வைக்காமல், செல்களின் புறச்சுவரை ஒட்டி, எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கும்படி பாசி வைத்திருந்தது. அந்த இடமே அதன் வேலையைச் சொல்லிவிட்டது. வாசலில் நிற்பது காவல்.

எதற்கு எதிரான காவல்? ஆக்சிஜனுக்கு. நாம் ஆக்சிஜனை நல்லதென்றே பழகிவிட்டோம். உயிர்ச்செல்லுக்கு அது இரட்டைமுகம் கொண்டது. வெயிலும் வறட்சியும் கூடும்போது செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. வெளியே காற்றில் ஓசோன் வேறு. இவை செல்லின் கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும். அயோடைடு தன் கூடுதல் எலக்ட்ரானை இவற்றுக்குக் கொடுத்து, அரிப்பைத் தானே வாங்கிக்கொள்கிறது. வைட்டமின் சி நம் உடலில் செய்வதை, கார்பனே இல்லாத ஒரு தனி அயனி இங்கே செய்கிறது. ஓர் உயிரினம் கனிம அயனி ஒன்றை ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகத் திரட்டி வைத்துப் பயன்படுத்துவதை விஞ்ஞானம் முதலில் கண்டது இந்தப் பாசியில்தான்.

இதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது ரப்பர்த் தோட்டத்துப் பால் மரம். விடியற்காலையில் உளி பட்டையைச் சீவிச் செல்லும். வெட்டு முடியும் முன்பே வெள்ளைக் கோடு கிளம்பி, மங்கில் சொட்டும். மரம் அதை நமக்காகச் சேர்க்கவில்லை. காயத்தை மூடவும் கடிக்கிற பூச்சியின் வாயை ஒட்டவும் பட்டைக்கு அடியில் தயாராக வைத்திருக்கிறது. காயம் பட்டால் வெளியேறத்தக்கதாக வாசலிலேயே சேமிப்பு. பாசியின் அயோடினும் அப்படித்தான். நோய்க்கிருமி பாசியின் சுவரைக் கடித்துச் சிதைத்தால், சிதைந்த சுவரின் துண்டுகளே அபாயச் சங்காகின்றன. சில நிமிடத்தில் பாசி தானே ஹைட்ரஜன் பெராக்சைடைப் பீய்ச்சிக் கிருமியைத் தாக்குகிறது. கூடவே அயோடைடையும் வெளியே விடுகிறது, தன் ஆயுதம் தன்னையே சுடாமலிருக்க.

உள்ளே எடுக்கும் வழியும் அழகானது. மின்னூட்டம் உள்ள அயனியைச் செல்லின் கொழுப்புச் சவ்வு எளிதில் உள்ளே விடாது. பாசியின் சுவரில் வனேடியம் என்ற உலோகத்தைத் தாங்கிய நொதி ஒன்று இருக்கிறது. அது கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அயோடைடை மின்னூட்டமற்ற வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அந்த வடிவம் சவ்வை வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். கடந்ததும் மறுபடி அயோடைடு. திரும்பிப் போக முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே அனுமதி என்பதுபோல. 1998 இல் வடமேற்கு பிரான்ஸின் ரொஸ்கோஃப் கடல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த விளக்கம் இது.

கடல் வற்றியதும் என்ன நடக்கிறது என்று இப்போது பார்க்கலாம். ஈரப்படலத்தோடு பாசி காற்றில் கிடக்கிறது. காற்றின் ஓசோன் அந்த ஈரத்தைத் தொடுகிறது. அயோடைடு முந்திக்கொண்டு அதைப் பிடிக்கிறது. விளைவு, அயோடின் ஆவி. கூர்த்துவாவின் பாத்திரத்திலிருந்து கிளம்பிய அதே ஊதா, கண்ணுக்குத் தெரியாத அளவில். 1840களில் ஓசோனை அளக்க ஷோன்பைன் என்ற வேதியியலார் செய்த உபாயமும் இதே வினையைத்தான் நம்பியிருந்தது. மாவுக்கஞ்சியும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த தாளைக் காற்றில் தொங்கவிடுவார். ஓசோன் பட்டால் அயோடின் விடுபட்டு, மாவு நீலமாகும். பள்ளியில் மரவள்ளி இலையை அவித்து, சாராயத்தில் பச்சையம் நீக்கி, அயோடின் சொட்டு விட்டுக் கருநீலம் பார்த்தோமே, அந்த நீலம். கரையில் கிடக்கும் பாசியை, மாவில்லாத ஷோன்பைன் தாள் என்று சொல்லலாம்.

வெளியேறிய அயோடின் ஆவிக்கு ஆயுள் மிகக் குறைவு. பகல் வெளிச்சத்தில் பத்து வினாடி அளவில் உடைந்துவிடும். உடைந்த அணுக்கள் ஓசோனோடு சேர்ந்து ஆக்சைடுகளாகி, ஒன்றோடொன்று ஒட்டி நுண்துகள்களாகின்றன. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேஸ் ஹெட் என்ற நிலையத்தில், பகலில் கடல் வற்றும்போதெல்லாம் காற்றில் புதுத் துகள்கள் திடீரென்று பெருகுவதைக் கருவிகள் காட்டின. இப்படிப்பட்ட துகள்கள் வளர்ந்தால், அவற்றின்மேல் நீராவி படிந்து மேகத்துளி உருவாகலாம். கரையில் மூச்சுத் திணறும் ஒரு பாசிக்கும் மேகத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கருவிகள் அதைத்தான் சொல்கின்றன.

கெடாவின் கடலுக்கு லாமினேரியா வராது. அதற்குக் குளிர் வேண்டும். சுங்கை பட்டாணியில் சீனர் கடையில் சுருட்டி அடுக்கியிருக்கும் காய்ந்த ‘ஹாய் டாய்’ அதன் நெருங்கிய உறவு. வெளிக்கடலிலிருந்து வந்து சூப்பில் விழுகிறது. கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கும் வைத்தியம் சீனத்தில் கே ஹொங் காலத்திலேயே, 4ஆம் நூற்றாண்டிலேயே, எழுதப்பட்டிருக்கிறது. அயோடின் என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு 1,400 வருடம் முன்பு!

நம் பக்கத்துக் கடலின் பாசிகள் வேறு குலம். முகத்துவாரச் சேற்றில் பிடிமானம் இல்லாததால் பெரிய பாசி அங்கே வளராது. லங்காவி, புலாவ் பாயார் போன்ற தீவுகளின் பாறையையும் பவளத்தையும் தேடிப் போக வேண்டும். சர்காசம், விசிறிபோல் விரியும் பெடைனா, டர்பினேரியா எல்லாம் வெப்பக் கடலின் பழுப்புப் பாசிகள். மன்னார் வளைகுடாவில் இவற்றைக் கையால் பறிக்கும் ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் சர்காசத்தைக் கட்டக்கோரை என்றும், டர்பினேரியாவைப் பக்கோடா பாசி என்றும், ஜெல்லி எடுக்கும் கிராசிலேரியாவைக் கஞ்சிப்பாசி என்றும் அழைக்கிறார்கள். பார்த்த கண்ணுக்கு உடனே விளங்கும் பெயர்கள். லத்தீனைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

இவை சேர்க்கும் அயோடின் லாமினேரியாவின் சேமிப்பில் ஒரு சிறு பங்கு. பாசிக்குப் பாசி வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2004 இல் கடையில் விற்கும் பாசிகளை அளந்தவர்கள், சூஷி சுற்றும் நோரியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராமும், லாமினேரியாத் தூள் ஒன்றில் 8,000க்கு மேலும் கண்டார்கள். ஐந்நூறு மடங்கு! தீபாவளிக்கு நம் வீடுகளில் சிவப்பும் பச்சையுமாய்த் தட்டில் வெட்டிவைக்கும் அகர் அகர் சிவப்புப் பாசியிலிருந்து வந்ததுதான். ஆனால் வேகவைத்து, வடித்து, பலமுறை கழுவிய பிறகே அது கடைக்கு வருகிறது. அயோடைடு தண்ணீரில் எளிதாகக் கரையும். வேகவைத்த தண்ணீரோடு போய்விடும். அகர் அகர் தின்றால் அயோடின் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெப்பக் கடலின் பாசிகள் அயோடினை வெளியிடும் முறையும் சற்று வேறு. கரிமச் சேர்மமாக, மீத்தேனின் உடம்பில் அயோடினோ புரோமினோ ஒட்டிய வாயுக்களாக விடுவது இங்கே முக்கியம். போர்ட் டிக்சன் பக்கத்துத் தஞ்சோங் துவானிலும் சபாவின் செம்போர்னாவிலும் பாசிகளை எடுத்து இந்த வாயுக்களை அளந்தவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பாங் சியூ மோய் குழுவினரும் இங்கிலாந்திலிருந்து வந்த அவர்களின் கூட்டாளிகளும். இனத்துக்கு இனம், வாயுவுக்கு வாயு அளவு மாறியது. மொத்தத்தில் புரோமோஃபார்ம் முன்னால் நின்றது. டைஅயோடோமீத்தேன் வெயிலில் சில நிமிடத்தில் உடைந்துவிடும். மெத்தில் அயோடைடு சில நாள் தாங்கும். நம் வானத்தில் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு அதிகம். இந்தத் தீவுக்கூட்டத்தின் இடிமேகங்கள் காற்றைச் சில மணி நேரத்தில் மிக உயரத்துக்குத் தூக்கிவிடும்; நாள்கணக்கில் தாங்கும் வாயு மேலே போய் ஓசோன் படலத்தைத் தொடலாம். 2011 கடைசியில் ஐரோப்பியரும் மலேசியரும் கப்பலும் விமானமும் வைத்துப் போர்னியோவைச் சுற்றி அளந்தது இதைத்தான். திட்டத்தின் பெயரெழுத்துகள் சேர்ந்து ‘ஷிவா’ என்று வந்தன.

பெரிய பாசிகள் கரையோரத்து ஒரு மெல்லிய கோடு மட்டுமே. கடல் முழுக்க மிதப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள். அயோடின் கதையின் பெரும்பகுதி அவற்றிடம் நடக்கிறது. கடல்நீரின் அயோடின் பெரும்பாலும் அயோடேட் என்ற, ஆக்சிஜன் சேர்ந்த வடிவில் கிடக்கிறது. ஓசோனோடு அது வினை புரியாது. தூங்கும் வடிவம் என்று வையுங்கள். வெளிச்சம் விழும் மேல்நீரில் நுண்பாசிகள் அயோடேட்டை எடுத்து அயோடைடாக மாற்றுகின்றன. எப்போது வெளியே விடுகின்றன? 2010 இலும் 2020 இலும் வெளியான இரு ஆய்வுகள் காட்டியது, பாசிக்கூட்டம் செழித்து வளரும்போது அல்ல, மூத்துத் தளர்ந்து செல்கள் கசியத் தொடங்கும்போது. அயோடைடு மறுபடி அயோடேட்டாவது மிக மெதுவாக, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் சில பாக்டீரியாக்கள் அதற்குக் கைகொடுக்கின்றன. நம்முடைய வெப்பக் கடலில் மேல்நீர் சூடாக மிதக்கிறது, அடிநீரோடு எளிதில் கலப்பதில்லை. அதனால் நுண்பாசி உண்டாக்கிய அயோடைடு மேலேயே தங்கிச் சேர்கிறது. குளிர்க்கடலைவிட வெப்பக் கடலின் மேற்பரப்பில் அயோடைடு அதிகம்.

அந்த மேற்பரப்பைக் காற்றின் ஓசோன் ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கிறது. கரைப்பாசியின் ஈரத்தில் நடந்த அதே வினை இங்கே கடல் முழுக்க நடக்கிறது. கடலிலிருந்து காற்றுக்கு ஏறும் அயோடினில் பெரும்பங்கு இந்த வழியில்தான் போகிறது என்பது கடந்த பதினைந்து வருடங்களில் தெளிவாகியிருக்கிறது. வாகனப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வெந்து தரைமட்ட ஓசோனைக் கூட்டுகின்றன. ஓசோன் கூடினால் கடல் கக்கும் அயோடினும் கூட வேண்டும் அல்லவா? கூடியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலும் கிரீன்லாந்திலும் பனியைத் துளைத்து எடுத்த தண்டுகளில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அயோடின் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருப்பதை 2018 இல் இரு குழுக்கள் வெளியிட்டன. நம் எக்ஸாஸ்ட் குழாயும் நுண்பாசியும் சேர்ந்து எழுதிய பதிவு அது. எனக்கு இதைப் படித்ததும் உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது.

*

கரையை விட்டு உள்ளே போவோம். கடற்காற்றில் ஏறிய அயோடின் மழையோடு இறங்குகிறது. மழைநீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம் இருக்கலாம். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கருவுற்ற பெண்ணுக்கு 250. மழைநீரைக் குடித்தே அதை எட்ட வேண்டுமானால் நூறு லிட்டர் குடிக்க வேண்டும். நிலத்தில் விழும் அயோடினை மண்ணின் மக்கும், செம்மண்ணின் இரும்பு ஆக்சைடும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பயிரின் வேருக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

அலோர் ஸ்டார் பக்கத்து மூடா வயல்வெளியில் மட்டும் கதை மாறுகிறது. பெண்டாங்கில் தண்ணீர் நிறுத்தியதும் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேறு, பிடித்து வைத்திருந்த அயோடினை அயோடைடாக்கித் தண்ணீரில் விடுகிறது. ஜப்பானில் அயோடின் மிகுந்த மண்ணைப் புதிதாக வயலாக்கியபோது இது அளவுமீறி, நெற்பயிர் செம்பட்டையாகிக் கருகும் ‘அக்ககாரே’ என்ற நோயே வந்தது. நெற்பயிர் அந்த அயோடினில் கொஞ்சத்தை மெத்தில் அயோடைடாக்கி, இலை வழியே காற்றுக்கு அனுப்புகிறது. ஆக வயல் அயோடினை வாங்குகிறது, அதில் கொஞ்சத்தை வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

தோட்டத்துக் குளங்களில் நிலைமை வேறு மாதிரி. எங்கள் ரப்பர் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குட்டைகள் இருந்தன. பாலை உறையவைத்த அமிலத் தண்ணீர் முதல் குட்டையில் வெள்ளையாக நாறும். மூன்றாவது குட்டையில் பச்சைக் குழம்புபோல் பாசி பொங்கியிருக்கும். நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்தத் தண்ணீரில் ஏராளம், அதனால்தான் அந்தச் செழிப்பு. குளோரெல்லா போன்ற பச்சைப்பாசியை ரப்பர் கழிவுநீரில் வளர்த்துத் தண்ணீரைச் சுத்தமாக்கும் முயற்சி மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்திருக்கிறது. நன்னீர்ப்பாசிக்கும் அயோடினை எடுக்கத் தெரியும், வெளியே விடவும் தெரியும். எடுக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை. கடலில் இருக்கும் 60 மைக்ரோகிராமுக்கு எதிரே நன்னீரில் பெரும்பாலும் ஒற்றை இலக்கம், சில இடங்களில் அதற்கும் கீழே. எவ்வளவு பச்சையாகப் பொங்கினாலும் அந்தக் குட்டை அயோடின் கணக்கில் ஏழைதான்.

மனிதக் கழுத்திலும் பாசியின் வாசல் போன்ற ஒரு வாசல் இருக்கிறது. தைராய்டு. 1895 இல் ஓய்கன் பவுமன் அதில் அயோடின் இருப்பதைக் கண்டார். இரத்தத்திலிருந்து அயோடைடை இழுத்துக்கொள்ளும் இந்தச் சுரப்பி, ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு நொதியையும் கொண்டு அதைப் புரதத்தில் ஒட்டி ஹார்மோனாக்குகிறது. பாசியின் நொதியில் வனேடியம், நம்முடையதில் இரும்பு. மற்றபடி வேதியியல் சொந்தக்காரர்கள். ஆனால் பாசி வேண்டியபோது வெளியே விட்டுத் தப்பிக்கும். தைராய்டுக்கு அயோடின் குறைந்தால், தன்னையே பெரிதாக்கிக்கொண்டு இருப்பதைத் துழாவும். அந்த வீக்கம்தான் கழலை. கடலிலிருந்து தள்ளிய மலை நாடுகளில் அது அதிகம். மலாயாவின் உட்பகுதிகளில் இருந்த கழலையைப் பற்றி ஐவன் போலுனின் 1951 இல் எழுதியிருக்கிறார்.

தைராய்டின் வாசலை அடைக்கும் பொருள் ஒன்று மரவள்ளியிலிருந்து வருகிறது. சரியாக ஊறவைத்து வேகவைக்காத கிழங்கின் நஞ்சை உடல் தயோசயனேட்டாக மாற்றும். அது அயோடைடின் இடத்தில் போய் நிற்கும். காங்கோவின் இட்ஜ்வி தீவில் அயோடின் குறைவும் மரவள்ளியும் சேர்ந்து கழலையைப் பெருக்கியதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களில் அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் மரவள்ளி தின்றதை எங்கள் பாட்டிமார் சொல்லும்போது, பசியை மட்டுமே சொல்வார்கள். அவர்கள் கழுத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க அவர்கள் இல்லை.

எங்கள் தோட்டத்து உணவில் கடல் வந்த ஒரே வழி கருவாடு. நுண்பாசியைத் தின்ற மிதவைப் பூச்சி, அதைத் தின்ற நெத்திலி, வெயிலில் காய்ந்து சாக்கில் ஏறித் தோட்டத்துக் கடைக்கு வரும். சம்பள நாளில் வாங்கிய கால் கட்டி கருவாட்டுக் குழம்பின் ருசியைத்தான் நாங்கள் நினைத்தோம். பாசி கடலில் பிடித்த அயோடினும் அந்தக் குழம்பில் வந்துகொண்டிருந்தது.

கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மிகச் சொற்பம்தான் இருக்கும். உப்பளத்துப் படிகத்தோடு அது சேருவதில்லை. அதனால்தான் தனியாகக் கலக்க வேண்டியிருக்கிறது. இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துத் தொடங்கிய ஆய்வு, கழலை கண்முன்னே குறைந்ததைக் காட்டியது. மலேசியாவில் சபாவில் 1999 இல் அது கட்டாயமானது. தீபகற்பத்துக்கு வர அதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் பிடித்தது. உலக அயோடின் சிலியின் பாலைவனக் கனிமத்திலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உப்புநீரிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. ஜப்பானின் சீபா பகுதி உப்புநீரில் உள்ள அயோடின், மிகப் பழங்காலத்தில் கடலடியில் புதைந்த பாசி முதலான உயிர்களின் மிச்சம் என்று கருதுகிறார்கள்.

இங்கே உப்பில் கலப்பது பெரும்பாலும் அயோடைடு அல்ல, அயோடேட். நம்மைப்போன்ற சூடும் ஈரமும் உள்ள நாட்டில் அயோடைடு கலந்தால், வற்றத்தில் கிடக்கும் பாசியில் நடப்பதேதான் உப்பு மூட்டையிலும் நடக்கும், ஆவியாகப் போய்விடும். கடலில் தூங்கும் வடிவம் என்று சொன்னேனே, அந்த அயோடேட்டைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். ஆனாலும் ஈரம் அதையும் மெல்ல மெல்ல அரிக்கும்.

அம்மா வீட்டில் உப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு ஜாடியில் இருக்கும். ஈரக்கை போட்டு அள்ளி அள்ளி, ஓரத்தில் தண்ணீர் கசிந்து கட்டியாகியிருக்கும். சோதனைச் சொட்டுப் புட்டி ஒன்று என்னிடம் இருந்தது. உள்ளே இருப்பது மாவுக்கஞ்சியும் அயோடைடும், கொஞ்சம் அமிலமும். அயோடேட் இருந்தால் அயோடின் விடுபட்டு மாவு நீலமாகும். ஷோன்பைன் தாளின் பேத்தி. புதிதாகப் பிரித்த பாக்கெட் உப்பை ஒரு தட்டிலும் ஜாடி உப்பை இன்னொரு தட்டிலும் வைத்து இரண்டு சொட்டு விட்டேன். பாக்கெட் உப்பு பளிச்சென்று கருநீலமானது. ஜாடி உப்பில் ஒரு வெளிறிய சாம்பல் ஊதா, அதுவும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

“இத்தனை நாளும் சும்மா உப்பைத்தான் போட்டேனாடா?” என்றார் அம்மா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலமாரியில் காலியாக இருந்த மைலோ டின்னைத் துடைத்து, பாக்கெட்டை அதில் கொட்டி மூடியை அழுத்தினார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்கு இன்னும் உப்புப் போடவில்லை. இறக்கிவைத்த பிறகு போட்டால் ஆவியோடு போவது குறையும் என்று சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, டின்னை மறுபடி திறந்தார்.